பின் பிரேக் பிடித்துக்கொண்ட கார்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

என் வயதை ஒத்தவர்களும் அந்தத் தெருக்களை அறிந்தவர்களும் படிப்பதற்காக, பழைய நினைவுகளைச் சேகரித்துவரும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எனக்குப் பதின்மூன்று வயது நடந்துகொண்டிருந்தபோது, பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நின்றது. அது வந்த ஆனி மாதத்திலிருந்து ஐப்பசி வரையிலான காலத்தை மட்டுமே இங்கே சொல்கிறேன். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வாழ்க்கை எல்லோருடைய வாழ்க்கையையும் போன்றதே.

அந்தக் காரை ஒரு டெம்போவின் பின்னால் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். முன் சக்கரங்கள் சுழன்றன. பின் சக்கரங்கள் இரண்டும் சுழலவே இல்லை. தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தன. தெருமுனையிலிருந்து எங்கள் வாசல் வரை தாரில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழுந்தன. ரப்பர் எரிந்த வாடை மாலைவரை போகவில்லை. மாடியில் குடியிருந்த ஓனரம்மா கன்னடக்காரர். எங்களோடு தமிழில்தான் பேசுவார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று கேட்டார்:

"என்னாரி டிரைவரே, ஆடு மாடு வர மாட்டேன்னா இழுப்பாங்க. காரைக்கூடவா இழுக்கிறது?"

"ரெண்டு வருஷம் ஷெட்டுல நின்னுச்சும்மா. காலு மரத்துப் போச்சு. ரெண்டு வாரத்துல நடக்க வச்சிடுறேன், பாருங்க" என்றார் அப்பா.

அப்பா ஓர் அரசுத் துறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டுநராக இருந்தவர். அவர் நெடுங்காலம் யாருக்கு வண்டி ஓட்டினாரோ அந்த அதிகாரி, வெளிநாட்டிலுள்ள மகனிடம் குடிபோகுமுன் தம்முடைய சொந்தக் காரை அப்பாவுக்கே கொடுத்துவிட்டார். உருண்டை முகப்பு விளக்குகள், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், முன்புறம் மூவர் சேர்ந்து உட்காரும் ஒரே நீண்ட இருக்கை. இருக்கையின் சிவப்பு ரெக்சின் வெயிலில் வெடித்திருந்தது. உள்ளே ஏறினால் பழைய பெட்ரோலும் எலிப் புழுக்கையும் கலந்த ஒரு வாடை. அதில் உட்காருவதற்கு எனக்குக் கூச்சமாகவே இருந்தது.

இங்கே ஒரு செய்தியை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். அப்பாவின் வலது கண்ணில் பார்வை இல்லை. அது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அப்பாவுக்குத் தெரியாது.

கார் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் மாலை, அப்பா அரைக் கிலோ மைசூர்பாகோடு வீட்டுக்கு வந்தார். பிரமோஷன் ஆகிவிட்டது, இனி வண்டி ஓட்ட வேண்டியதில்லை, ரெக்கார்டு அறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள் என்றார். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார். அக்காவும் நானும் மிச்சத்தைத் தின்றோம். மறு ஆண்டு அப்பா முன்கூட்டியே ஓய்வு பெற்றார். டிரங்குப் பெட்டியில் ரேஷன் அட்டையைத் தேடியபோது அம்மாவின் கையில் ஒரு தாள் கிடைத்தது. கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் இருந்ததால் என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன். வலது கண்ணில் பார்வை அறவே இல்லை. இடது கண்ணிலும் ஓரப் பார்வை குறைந்து வருகிறது. வாகனம் ஓட்டத் தகுதியற்றவர். கீழே மருத்துவரின் கையெழுத்து. அம்மா தாளை வாங்கி, இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "யார்கிட்டயும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா வேலையைத் தொடங்கினார். முன் சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டுக் கொடுத்தார். பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை வைத்தார். சக்கரத்தைக் கழற்றினால் உள்ளே வாணலியைக் கவிழ்த்தது போன்ற ஓர் இரும்பு டிரம். அதற்குள்ளேதான் பிரேக் கட்டைகள் இருக்கின்றன. மிதித்தால் அவை விரிந்து டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும், விட்டால் சுருங்கிவிடும் என்று அப்பா விளக்கினார். எங்கள் காரில் அவை விரிந்த நிலையிலேயே துருவோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மண்ணெண்ணெயையும் பழைய என்ஜின் எண்ணெயையும் கலந்து விளிம்பில் விட்டார். மறுநாளும் விட்டார். பிறகு மரச் சுத்தியால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்து ஓசையைக் கேட்டார். ஒட்டியிருந்த இடத்தில் 'டொப்' என்றது. விட்டுக்கொடுத்த இடத்தில் 'ணங்' என்றது. அப்பா கண்ணால் பார்த்துச் செய்த வேலை அதில் மிகக் குறைவு. ஸ்பிரிங்கை விரலால் அளந்தார், திருகின் மறையைக் கட்டைவிரல் நகத்தால் தேடினார். அப்போது அதைத் திறமை என்று நினைத்தேன். திறமையும்தான்.

என் வேலை பெடல். ஓட்டுநர் இருக்கையின் நுனியில் உட்கார்ந்து காலை நீட்டினால்தான் எனக்கு எட்டும். பின்னாலிருந்து அப்பாவின் குரல் வரும்.

"பாப்பா, மிதி. மிதிச்சே புடி... விடு. மெதுவா விடு, துள்ளாத. மறுபடி மிதி."

ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைச் சக்கரத்தின் பின்னாலிருக்கும் சிறு திருகில் மாட்டி, மறு முனையை எண்ணெய் உள்ள கண்ணாடிப் பாட்டிலில் முக்கியிருப்பார். நான் மிதிக்கும்போதெல்லாம் குழாயிலுள்ள காற்று குமிழியாக வெளியேறும். குமிழி நின்றால் வேலை முடிந்தது. பிரேக் எண்ணெய்க்கு விளக்கெண்ணெய் போன்ற வாடை. இரவு சோற்றைப் பிசையும்போதும் அது அப்பாவின் கையில் இருக்கும். மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு பின் சக்கரங்களும் சுழன்றன. அப்பா ஒரு விரலால் சக்கரத்தைத் தள்ளிவிட்டார். அது சுழன்றுகொண்டே இருந்தது. ஓனரம்மா மேலிருந்து கை தட்டினார்.

அன்று மாலைதான் ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவின் கடிதம் வந்தது. ஐப்பசியில் ஏழாம் மாதம், வளைகாப்பு முடித்துத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று மாமியார் சொல்லிவிட்டார் என எழுதியிருந்தாள். அப்பா கடிதத்தை என்னைப் படிக்க வைத்துக் கேட்டார். இரண்டு முறை கேட்டார்.

"பஸ்ல குலுக்கிக்கிட்டு எம் பொண்ணு வர வேண்டியதில்ல. நம்ம கார்லயே போறோம், கார்லயே கூட்டியாறோம். அத்திபெலே தாண்டினா ஓசூரு. ஒரு மணி நேரம்."

"லாரி நெறைய ஓடுற ரோடாச்சேங்க" என்றார் அம்மா.

"இருவத்திரெண்டு வருஷம் யாரு ஓட்டுனது? உங்கப்பனா?"

அம்மா சிரித்துவிட்டு உள்ளே போனார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. மைசூர்பாகு வந்த அன்று பார்த்த அதே சிரிப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரங்கள் மறுபடியும் பிடித்துக்கொண்டிருந்தன. அப்பா மண்ணெண்ணெய் விட்டார், தட்டினார், கழற்றினார். உள்ளே புதுத் துரு; மஞ்சளாக, மாவு போல. எமரித் தாளால் தேய்த்துத் துடைத்து மாட்டினார். அதற்கடுத்த வாரமும் அப்படியே ஆயிற்று. மழைதான் காரணம் என்று தார்ப்பாய் வாங்கி மூடினார். ஹேண்ட் பிரேக்கைத் தொடவே கூடாது என்றார். முட்டுக்கல்லை மட்டுமே வைத்தார். பயனில்லை. ஆவணி முழுதும் இப்படியே போயிற்று.

குமிழி பார்க்கும் வேலையை அப்பா அம்மாவிடம் கொடுத்திருந்தார். சின்னக் குமிழி தம் கண்ணுக்குத் தெரியாது என்பதை அவர் சொல்லவில்லை. தமக்குக் குனிந்தால் முதுகு பிடிக்கிறது என்றார். அம்மா சேலையைச் செருகிக்கொண்டு பாட்டிலின் முன் குத்த வைத்து உட்காருவார்.

"வருதா?"

"வருது."

"இன்னுமா?"

"இன்னும் வருதுங்க."

நான் மிதித்தும் விட்டும் கால் கடுக்க உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை தண்ணீர் குடிக்க இறங்கியபோது பாட்டிலைப் பார்த்தேன். அதில் ஒரு குமிழியும் இல்லை. எண்ணெய் கண்ணாடி போல் நின்றது. அம்மா அதையே பார்த்துக்கொண்டு, "வருதுங்க" என்றார். டின்னிலிருந்த எண்ணெய் தீரும்வரை அன்று குமிழி வந்தது. அதற்குப் பின் இருட்டிவிட்டது. மாட்ட வேண்டியவை மாட்டப்படாமலேயே இருந்தன.

புரட்டாசி மாதத்தில் ஒருநாள் விடிகாலையில் எழுந்தேன். அம்மா வாசல் தெளிக்க வாளியை எடுத்து வைத்திருந்தார். சமையலறையிலிருந்து உப்பு ஜாடியைக் கொண்டு வந்து, இரண்டு கை நிறையக் கல்லுப்பை அள்ளி வாளியில் போட்டார். முழங்கை நனையக் கலக்கினார். தார்ப்பாயின் பின் நுனியைத் தூக்கி, சொம்பால் மொண்டு, வலது பின் சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்து வீசினார். பிறகு இடது சக்கரத்துக்கு. வாளி பாதியானதும் குழாயில் நல்ல தண்ணீர் நிரப்பி, வழக்கம் போல வாசலைத் தெளித்துக் கோலம் போட்டார். அன்று போட்டது ஏழு புள்ளிக் கோலம்.

என்னைக் கண்டதும் அவர் திடுக்கிடவில்லை.

"போய் பல்லு வெளக்கு."

"அம்மா, அப்பா ஒவ்வொரு வாரமும்..."

"தெரியும்டி. அவரே சொல்லிக் குடுத்தாரு. தண்ணி பட்டா துரு, உப்பு பட்டா டபுள் துருன்னு பாடமே நடத்துனாரே, நீயும்தானே கேட்ட?"

"அவர்கிட்டயே சொல்லிடலாமே. ஓட்ட வேணாம்னு."

அம்மா கோலப்பொடிக் கிண்ணத்தை மூடினார். "அன்னிக்கி அந்த ஸ்வீட்ட நான் தின்னுட்டேன். தின்னுட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி சொல்றது? பிரேக்கு சரியில்லன்னு நெனைக்கட்டும். அது ஒரு இரும்பு. அது கெட்டா யாருக்கு என்னா? வயித்துப் புள்ளையோட அவள இவரு ஓட்டிக்கிட்டு வர்றத நெனச்சா எனக்கு ராத்திரி தூக்கமில்ல."

நான் பல் விளக்கப் போனேன். சரி என்றோ தவறு என்றோ எனக்கு எதுவும் தோன்றவில்லை. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் பெடலை மிதிக்கும்போது, மிதிப்பதை மட்டுமே செய்தேன்.

அம்மா ஒன்றைத் தவறாகக் கணக்கிட்டுவிட்டார். அது இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. அப்பா இரும்பைக் குறை சொல்லவில்லை. தம்முடைய கைகளைக் குறை சொன்னார். சாப்பிடும்போது நடுவில் நிறுத்தி, வலது கையை விரித்துப் பார்ப்பார். "பாப்பா, ஸ்பிரிங்க சரியாத்தான மாட்டுனேன்? நீ பாத்தியா?" என்று கேட்பார். மாட்டினீர்கள் என்பேன். "அப்புறம் ஏன்?" என்பார். தெருவில் பையன்கள், "டிரைவர் தாத்தா, காருக்குக் கோயில் கட்டிடலாமா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள். முன்பெல்லாம் துரத்துவார். இப்போது சிரிக்கவும் இல்லை. கண் போனதை மறைக்க அவருக்கு மிச்சமிருந்தவை கைகள்தாம். அவற்றைத்தான் நாங்கள் நாள்தோறும் விடிகாலையில் உப்பு நீர் வீசிக் கெடுத்துக்கொண்டிருந்தோம். நாங்கள் என்று எழுதுகிறேன், ஏனெனில் எனக்கும் தெரியும்.

வளைகாப்புக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது அப்பா ஜீவனஹள்ளியிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தார். வெள்ளைத் தாடி, எண்ணெய்க் கறுப்பேறிய நகங்கள். எல்லோரும் அவரைப் பாய் என்பார்கள். அப்பாவோடு அரசு வண்டிகளில் வேலை செய்தவர். அப்பா அதுவரை வேறொருவரைக் கை வைக்க விட்டதில்லை.

"அரே டிரைவர் சாப், நீங்க என்னைக் கூப்பிடுறீங்களா? நாளைக்கு சூரியன் மேக்கால வரும் போல."

"கை சரியில்ல பாய். நீங்களே பாருங்க" என்றார் அப்பா. அந்தச் சொற்களைச் சொல்லும்போது அவர் முட்டுக்கல்லைக் காலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

பாய் டிரம்மைக் கழற்றினார். உள்விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தடவி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்து, துப்பினார். வாசலைப் பார்த்தார், ஈரம் காயாத தரையைப் பார்த்தார், தேநீர் டம்ளரோடு நின்ற அம்மாவைப் பார்த்தார். அப்பா கை கழுவக் கொல்லைக்குப் போகும்வரை பேசவில்லை.

"பாபி, நம்ம பெங்களூருக்கு எப்போ கடல் வந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டார்.

அம்மா டம்ளரை அவர் கையில் கொடுத்தார். "பாய், அவருக்கு வலது பக்கம் தெரியாது. இடது பக்கமும் கொறைஞ்சுக்கிட்டு வருது. பொண்ண கூட்டியாற ஓசூருக்கு ஓட்டப் போறேங்கிறாரு."

பாய் தேநீரை முழுவதும் குடித்து முடித்தார். "எனக்கு சந்தேகம் இருந்துச்சு. போன வருஷம் மார்க்கெட்ல சலாம் சொன்னேன், பக்கத்துல நின்னு. பதிலே இல்ல. கோவம்னு நெனச்சேன்" என்றார்.

அப்பா திரும்பி வந்ததும் பாய் துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "சாப், உங்க கை மேல தப்பு இல்ல. உள்ள இருக்கிற சிலிண்டரே போயிடுச்சு. இந்த மாடலுக்கு இப்போ எங்கேயும் கிடைக்காது. விட்டுடுங்க. பஸ்ல போங்க, ஜாலியா."

பாய் அதை நல்லெண்ணத்தோடு சொன்னார். அம்மாவின் முகத்திலும் ஒரு தெளிவு வந்தது. அப்பா காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு அவர் முகமும் தெளிந்தது.

"கெடைக்காதுல்ல? அப்ப பின்னாடி பிரேக்கே வேணாம் பாய். முன் பிரேக்கு போதும். எங்க ஆபீசர் ஐயாவ ஒரு தடவ மடிக்கேரி மலையிலேர்ந்து முன் பிரேக்குலயே எறக்கியிருக்கேன்."

பாய் அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். "சாப், வேணாம்" என்று பாய் சொன்னது அப்பாவின் காதில் விழவில்லை. மறுநாளே அவர் பின் சக்கரங்களுக்குப் போகும் எண்ணெய்க் குழாயை வெட்டி, அதன் வாயில் ஒரு பித்தளைத் திருகை இறுக்கி அடைத்தார். டிரம்முக்குள் இருந்த கட்டைகளையும் ஸ்பிரிங்குகளையும் வெளியே எடுத்து ஒரு சாக்கில் கட்டினார். பிடிப்பதற்கு உள்ளே எதுவும் இல்லாததால் பின் சக்கரங்கள் தங்குதடையின்றிச் சுழன்றன. விடிகாலையில் அம்மா வாளியோடு நின்றார். உப்புப் போடாமலே வாசல் தெளித்தார். துருப்பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆயுத பூஜையன்று கார் மூன்று மாதங்களுக்குப் பின் கழுவப்பட்டது. சந்தனம், குங்குமம், முகப்பில் வாழைக்கன்று, சாமந்தி மாலை. நான்கு சக்கரங்களுக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அப்பா என்ஜினை முடுக்கி நான்கடி முன்னால் ஓட்டினார். நான்கு பழங்களும் நசுங்கின. "சூப்பர் டிரைவரே! சவாரி எப்போ?" என்று ஓனரம்மா கத்தினார். "வர்ற ஞாயித்துக்கெழம!" என்றார் அப்பா. அவர் தலை நிமிர்ந்திருந்தது. அம்மா பொரியும் கடலையும் எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. வளையல் பெட்டி, பூ, ஐந்து வகைச் சாதம் நிறைந்த தூக்குகள் எல்லாம் பின் இருக்கையில் ஏற்றப்பட்டன. அப்பா வெள்ளைச் சட்டை அணிந்து ஸ்டீயரிங்கின் முன் உட்கார்ந்தார். நான் அவருக்கு இடப்புறம் உட்கார்ந்தேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா அரக்கு நிறப் பட்டுச் சேலையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தார். காரைச் சுற்றி என் பக்கம் வராமல், அப்பாவின் பக்கமாக வந்தார். வலது முன் சக்கரத்தின் அருகில், மட்கார்டைத் தொட்டுக்கொண்டு நின்றார். அப்பாவுக்கும் அவருக்கும் இடையே ஒரு கை நீளம்தான் இருக்கும்.

அப்பா முன் கண்ணாடி வழியே நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா, அம்மா இன்னும் என்னா பண்றா உள்ள? நேரமாச்சுன்னு சொல்லு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை, அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அப்பா ஹார்ன் அடித்தார். "இந்தா! வர்றியா இல்லியா?"

"இங்கதாங்க நிக்கிறேன்" என்றார் அம்மா. மெதுவாகத்தான் சொன்னார்.

அப்பா தலையைத் திருப்பினார். முழுவதும் திருப்பினார், தோளோடு சேர்த்து. அம்மாவின் முகத்தைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், மட்கார்டின் மேலிருந்த கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் தெரியும் என்பது அப்போது அவருக்குத் தெரிந்தது. அவர் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது.

"மடிவாளாவுல ஓசூர் பஸ்ஸு எத்தன மணிக்கு?"

"பத்து நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்குங்க."

"தூக்கையெல்லாம் எறக்கு. சாம்பார் சாதம் சிந்திடப் போவுது."

ஆட்டோ பிடித்து மடிவாளா போனோம். பேருந்தில் அப்பாவுக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அம்மா அவருடைய வலப்பக்கத்தில் உட்கார்ந்தார். அத்திபெலேயில் பேருந்து நின்றபோது அப்பா இறங்கி, எங்களுக்கு வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தந்தார். அக்காவின் வளைகாப்பு நல்லபடியாக நடந்தது. மாலையில் அவளும் எங்களோடு பேருந்திலேயே வந்தாள். "கார் வரும்னு மாமியார்கிட்ட பெருசா சொல்லி வச்சிருந்தேனே அப்பா" என்றாள். "பிரேக்கு சரியில்லம்மா" என்றார் அப்பா. அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

தை மாதத்தில் அவளுக்கு மகன் பிறந்தான். அதற்குள் கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. யார் வந்து எடுத்துப் போனார்கள் என்பது எனக்கு நினைவில்லை. அப்பா அதன் பின் ஏழு ஆண்டுகள் இருந்தார். இரண்டு கண்களும் போன பிறகும், அன்றைக்கு நடந்ததைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை. அப்பா எங்களை மன்னித்தாரா, மன்னிக்க வேண்டியது ஒன்று இருந்ததாக நினைத்தாரா, எனக்குத் தெரியாது. போன ஆண்டு அம்மாவும் போய்விட்டார். காரியத்துக்கு வந்த அக்கா, "உங்க தாத்தா எவ்வளவு பெரிய மெக்கானிக்கு, அந்த ஒரு கார மட்டும் சரிபண்ண முடியல பாவம்" என்று தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அடுத்த அறையில் இலைகளை எடுத்துக்கொண்டிருந்தேன். போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். இலைகளை எடுத்து முடித்தேன்.

ஐயா, அம்மையீர், என் தந்தையின் கைகளில் குறை இல்லை. அவர் ஒவ்வொரு முறையும் அந்தப் பிரேக்கைச் சரியாகவே பழுதுபார்த்தார். இதைத் தெரிந்தவர்களில் இப்போது இருப்பவள் நான் ஒருத்திதான். இந்தத் தாள்களை உங்களிடம் பத்திரமாக வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.